ஆறு போத்தல் ரோசாப்பாணி

அண்ணை ஒரு கிண்ணத்தை உங்கள் மூக்குக்குக் கீழே நீட்டி "என்ன மணக்குது?" என்று கேட்டால், தயவுசெய்து பகிடி விடாதீர்கள். அந்த மனிதருக்கு மணம் தெரியாது. ரோசாப்பூவும் ரயில் கரியும் அவருக்கு ஒன்றுதான். அப்படிப்பட்ட ஆள்தான் வெள்ளவத்தையிலேயே திறமான, சர்பத்துக்கு விடும் ரோசாப்பாணி காய்ச்சினார். கொலிஜில் இதைச் சொன்னேன், ஒருவனும் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும். குடித்தவன் நான்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அதோடு எங்கள் சம்மரியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. சம்மரி என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கலியாணமாகாத ஆண்பிள்ளைகள் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கண்ணாடியில் முறை வைத்துச் சவரம் செய்துகொண்டு கிடக்கும் இடம். எங்களுடையது கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது. ரயில் போனால் கோப்பையெல்லாம் நடுங்கும். அதில் மூன்று பேர். கோட்டை ஸ்டேஷனில் சாமான் பகுதிக் கிளாக்கராக இருந்த அண்ணை, ஏதோ ஒரு கந்தோரில் தூங்கிச் சம்பளம் வாங்கிய செல்லத்துரை, நான். எனக்கு இருபது வயது. இங்கிலீசில் விவாதம் செய்வேன், தலையை நடுவில் பிரித்துச் சீவுவேன், உலகத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்று நினைப்பேன். யுத்தக்காலம் வேறு. இருட்டுச் சட்டம், கூப்பன் அரிசி, றோட்டெல்லாம் ஆமிக்காரர். அந்தக் குழப்பத்துக்குள்தான் முப்பத்திரண்டு வயது மனிதர் ஒருவர் திருநீறு பூசிக்கொண்டு குசினியில் குந்தியிருந்து ரோசா இதழ் உரிப்பார்.

கொழும்பு ரோசா பார்க்க அழகு, மணம் கிடையாது. இதையும் அவருக்கு யாரோதான் சொல்லியிருக்க வேண்டும். அதனால் பண்டாரவளைப் பக்கமிருந்து ரயிலில் வரும் ஒரு கார்டைப் பிடித்து, வாழையிலையில் பொதிந்து ஈரச் சாக்கில் சுற்றிய நாட்டு ரோசாவை வருவித்துக்கொள்வார். இதழ் ஒவ்வொன்றின் அடியிலும் இருக்கும் வெள்ளைத் துண்டைக் கத்தரியால் வெட்டி எறிவார். அது கசக்கும். அவருடைய நாக்குக்குக் கசப்பு, இனிப்பு, புளிப்பு எல்லாம் தெரியும். மணம் மட்டும்தான் அறவே இல்லை. கொதித்த தண்ணீரை இறக்கி வைத்து அதில் இதழைப் போட்டு இறுக்கி மூடுவார். இதழை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடுமாம். போகிற மணத்தை இவர் எங்கே கண்டார்? சொன்னார்கள், நம்பினார். சீனியைத் தனியாகத் தடிப்பான பதத்தில் காய்ச்சி ஆறவிட்டு, பிறகுதான் இரண்டையும் கலப்பார்.

நிறத்துக்குச் செவ்வரத்தம்பூ. அது பக்கத்து வீட்டுச் சிங்கள நோனாவின் வேலியில் பூத்து, பாதி எங்கள் பக்கம்தான் தொங்கும். கையை நீட்டினால் பறிக்கலாம். அண்ணை வாசல் கேற்றுக்குப் போய், தட்டி, "நோனா, மல் டிகக் கன்னத?" என்று, கொஞ்சம் பூ எடுக்கட்டோ என்று, சிங்களத்தில் கேட்டுத்தான் பூவில் கை வைப்பார். வேண்டியபோதெல்லாம் எடுத்துக்கொள், கேட்கத் தேவையில்லை என்று அந்த மனுசி நூறு தரம் சொல்லிவிட்டாள். இவர் கேட்டுக்கொண்டேயிருந்தார். ஏன் என்று நான் விசாரித்தேன். போன கிழமை தந்த சொல் போன கிழமைப் பூவுக்கு என்றார். பைத்தியம் என்று நினைத்தேன்.

இதழ் ஊறிய தண்ணீரும் செவ்வரத்தையும் சீனியும் சேர்ந்தால் பார்க்கச் சகிக்காது. சேற்று ஊதா. அதில் ஒரு தேசிக்காயைப் பாதியாக வெட்டிப் பிழிவார். பிழிந்த இடத்திலிருந்து சிவப்புப் புறப்பட்டு, சட்டி முழுக்க ஓடி, கண்ணுக்கு முன்னால் குங்குமமாய்ப் பளிச்சிடும். அந்த நேரம் மட்டும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். மணம் தெரியாதவருக்கு அந்தச் சிவப்புத்தான் சம்பளம்.

அதற்குப் பிறகுதான் கிண்ணம் என் மூக்குக்குக் கீழே வரும். என் மூக்கு நல்ல மூக்கு என்று அவர் தீர்மானித்திருந்தார். செல்லத்துரையின் மூக்கு சுருட்டுப் புகையில் செத்துப்போன மூக்கு. நான் மணந்து, பூ காணாது என்றால் இன்னும் கொஞ்சம் பூத்தண்ணீர் விடுவார். சரி என்றால் சட்டியை மூடிவிடுவார். என் முகத்தைப் பார்த்து நிச்சயப்படுத்துவது, திரும்பக் கேட்பது, இன்னொருவனிடம் காட்டுவது ஒன்றும் இல்லை. நான் சொல்லி முடிக்க முன்னமே அடுத்த வேலையில் இறங்கியிருப்பார்.

இதுதான் அந்த மனிதர். ஒன்றைச் சொன்னால் நம்புவார். பதினொரு வருசமாக மற்றவர்களின் மூக்கைக் கொண்டு வாழ்ந்தவர். பால் திரைந்ததா, சேட்டு நாறுகிறதா, குசினியில் என்ன கருகுகிறது, எல்லாவற்றையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டுக் கேட்டுச் சந்தேகப்படும் பழக்கமே அற்றுப்போய்விட்டது போல.

இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் என்னைப்போன்ற ஒருவன் சும்மா இருப்பானா? ஒருநாள் காலை, பால் மண்ணெண்ணெய் மணக்கிறது என்று முகத்தைச் சுளித்துச் சொன்னேன். செல்லத்துரை சிரிப்பை அடக்கத் துவாயால் வாயைப் பொத்தினான். அண்ணை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பால் முழுவதையும் சாக்கடைக் கானுக்குள் ஊற்றிவிட்டார். அன்றைக்கு மூன்று பேரும் பிளேன்ரீ. பகிடி என்று சொல்லப் பயமாக இருந்தது. பின்னேரம் அண்ணை பால்காரனிடம், மண்ணெண்ணெய்த் தகரத்தைப் பால் வாளிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று மிகத் தன்மையாகப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். பால்காரன் விழித்தான். நான் கக்கூசுக்குள் போய் ஒளித்துக்கொண்டேன்.

இன்னொரு தரம் என் ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து முன்னறிவித்தல் இல்லாமல் வந்திறங்கினார். மகன் படிக்கிறானா, படம் பார்க்கிறானா என்று துப்பறியத்தான். நான் வீட்டில் இல்லை. படம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணை ஐயாவை இருத்தி, தோசை சுட்டுக் கொடுத்து, உங்கள் மகன் நாளுக்கு ஐந்து மணித்தியாலம் படிக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். பொய் சொல்லவில்லை. ஐந்து மணித்தியாலம் படிக்கிறேன் என்று முந்தின கிழமை நான்தான் அவருக்கு அளந்திருந்தேன். ஐயா கண் கலங்கி ஒரு போத்தல் நல்லெண்ணெயை வைத்துவிட்டுப் போனார். பிறகென்ன, படிக்க வேண்டியதாய்ப் போயிற்று. செல்லத்துரை என்ன சொன்னாலும் சொல்லட்டும், நான் அந்த வருசம் பாஸ் பண்ணியதற்குக் காரணம் அந்த மனிதரின் முகத்தில் முழிக்க முடியாமல் போனதுதான்.

பாணி காய்ச்சுவது விற்கவும் அல்ல, எங்களுக்கும் அல்ல. அது கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்கு, வருசத்துக்கு ஒருதரம், நோன்பு மாதத்தில். அடிச்சட்டியில் ஒட்டினதுதான் எங்களுக்கு. அதற்கே நாங்கள் அடிபடுவோம். அந்த மாதம் மூன்று பேருடைய கூப்பன் சீனியும் பாணிக்குப் போய்விடும். நானும் செல்லத்துரையும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுவோம். ஆனால் சீனியைக் கொடுத்துவிடுவோம்.

அந்தக் கொட்டாஞ்சேனை வீட்டின் கதை இது. அண்ணை உத்தியோகம் கிடைத்து முதன்முதல் கொழும்புக்கு வந்தபோது அந்த வீட்டு மேல்மாடி அறையில்தான் குடியிருந்தார். வீட்டுக்காரர் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் ஒருவர். அண்ணை அவரை நானா என்பார். அவருடைய மனைவியை ராத்தா என்பார், அவை அவர்கள் அண்ணனுக்கும் அக்காவுக்கும் சொல்லும் சொற்கள். வந்து மூன்று மாதத்தில் அண்ணைக்கு நெருப்புக்காய்ச்சல். ஊருக்கு அனுப்ப முடியாத நிலை. ராத்தா கடைக்கு ஆள் விட்டு ஒரு புதுச் சட்டி வாங்குவித்தார். இந்தப் பிள்ளை மச்சம் மாமிசம் தொடாத பிள்ளை, இந்தச் சட்டியில் இவருக்கு மட்டும்தான் சமைப்பது என்று சொல்லி, அதில் நாற்பது நாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறார். ஆள் எழும்பிவிட்டார். மணம் மட்டும் காய்ச்சலோடு போய்விட்டது.

சட்டியை ராத்தா எறியவில்லை. கழுத்தில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்து, குசினிச் சுவரில் தனியாக ஆணி அடித்து மாட்டிவிட்டார். அண்ணை எப்போது அங்கே போனாலும் அவருக்குச் சோறும் பருப்பும் அந்தச் சட்டியில்தான். முதல் சட்டி உடைந்தது, இன்னொன்று வந்தது. நான் பார்த்தது மூன்றாவது. பொட்டு அதே இடத்தில்.

மணம் போன விசயத்தை மட்டும் அண்ணை அந்த வீட்டில் மூச்சு விடவில்லை. எங்களுக்கும் கட்டளை.

"அவை என்னை முழு ஆளா எழுப்பி அனுப்பினது எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கினம், தம்பி. அது அப்பிடியே இருக்கட்டும்."

அதனால் ராத்தா நெய்ச்சோற்றைக் கொண்டுவந்து வைத்து மணம் எப்படி என்று கேட்கும்போதெல்லாம், இவர் மூச்சை இழுத்து, கண்ணை மூடி, அபாரம் என்பார். நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் அதுவரை சொன்ன பொய் அது ஒன்றுதான். நடிப்பும் சுமார்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு இது பெருமைப்படும் கதை அல்ல.

அந்த வருசம் நானாவின் மூத்த மகளுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் நோன்பு திறக்க வருகிறார்கள். வழக்கமாக நாலு போத்தல், இந்த முறை ஆறு வேண்டும் என்று ராத்தா சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணையிடம் நாலு கபிலப் போத்தல்தான் இருந்தது, வருசா வருசம் கழுவிக் கவிழ்த்து வைக்கும் போத்தல்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, போத்தல்காரனிடம் இன்னும் இரண்டு நல்ல போத்தல் வாங்கி, வாயையும் தக்கையையும் நன்றாக மணந்து பார்த்துத் தரச் சொன்னார்.

எனக்கு அன்றைக்கு ஐந்து மணிக்கு விவாதம். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டிருந்தேன். போத்தல்காரனை எங்கே தேடுவது? குசினியில் விறகுப் பெட்டிக்குப் பின்னால் அதே மாதிரிக் கபிலப் போத்தல் மூன்று நின்றது, தக்கையோடு, பார்க்கச் சுத்தமாக. இரண்டை இழுத்தெடுத்துத் தண்ணீரில் அலசி மேசையில் வைத்தேன்.

"மணந்து பாத்தனீரோ?"

"ஓம்."

இரண்டு எழுத்து, ஒரு புள்ளி. அவர் தலையாட்டிவிட்டுப் போத்தலைச் சாம்பல் தண்ணீரில் கொதிக்கவைக்கப் போனார். தக்கையைக் கொதிக்கவைத்தால் இறுக்கம் போய்விடும் என்று துணியால் துடைத்ததோடு விட்டார். நான்தான் மணந்துவிட்டேனே. நான் பஸ்ஸைப் பிடித்தேன், விவாதத்தில் வென்றேன், இரவு வந்து குறட்டைவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் அண்ணை அரைநாள் வேலை முடித்து வந்து, குளித்து, ஆறு போத்தலையும் வைக்கோல் வைத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டு மூன்று மணி ரயிலுக்குப் போய்விட்டார். நாலு மணிபோலச் செல்லத்துரை தூங்கி எழும்பி வந்து விறகுப் பெட்டியைக் குடைந்தான். நாளைக்குச் சம்பளக் காசில் சாராயம் நிரப்பி வர வைத்திருந்த போத்தலில் இரண்டைக் காணவில்லையாம். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

நான் அந்தத் தக்கையைப் பிடுங்கி மூக்கில் வைத்தேன். தக்கை இல்லை அது, சாராயத் தவறணை.

செல்லத்துரைக்கு உடனே விளங்கிவிட்டது. அவன் பகிடிக்காரன், ஆனால் அன்றைக்குப் பகிடி விடவில்லை.

"மச்சான், அது நோன்பு வீடு. ஓடு."

செருப்பை மாட்டினேனா என்று ஞாபகம் இல்லை. ரயிலில் ஆமிக்காரர் நெரிசல், வாசற்படியில் தொங்கிக்கொண்டு போனேன். இடது பக்கம் கடல். பொழுது இறங்குவதை அதற்கு முன்னோ பின்னோ நான் அப்படிப் பார்த்ததில்லை. பம்பலப்பிட்டியில் ரயில் சும்மா நின்றது. கொள்ளுப்பிட்டியில் இன்னும் சும்மா நின்றது. ஒரு முழுநாள் தண்ணீர்கூட விழுங்காமல் இருந்த மனிதர்கள், சம்பந்தம் செய்ய வந்த இடத்தில், முதல் மிடறாகச் சாராய வாடையை வாயில் வைக்கப்போகிறார்கள். கொண்டுவந்து கொடுத்தது யார்? அவர்கள் பதினொரு வருசமாகச் சட்டி வைத்துக் காப்பாற்றிய மனிதர். கோட்டையில் குதித்து, டிராமில் கொஞ்சத் தூரம், மிச்சத்துக்கு ஓட்டம்.

நான் போய்ச் சேர்ந்தபோது முன்கூடத்தில் பாய் விரித்து ஆட்கள் இருந்தார்கள். நடுவில் பேரீச்சம்பழம், கஞ்சிக் கோப்பைகள், ரோசாப்பாணி விட்டு உறையவைத்த கடற்பாசி ஒரு தட்டில் சிவப்பாய் ஆடிக்கொண்டிருந்தது. பாணிக் கூடை கதவோரம். ஒரு போத்தல் மட்டும் திறந்திருந்தது. சர்பத்து கலக்க இன்னும் தொடங்கவில்லை. பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மாப்பிள்ளையின் வாப்பா வெள்ளைத் தாடியோடு நானாவுக்குப் பக்கத்தில் இருந்தார். அண்ணை சுவரோரம் சம்மணம் கட்டி, தன்னைக் கண்டு எல்லோரும் சந்தோசப்படும் ஒரு இடத்தில் இருக்கும் மனிதரின் முகத்தோடு இருந்தார்.

அவர் காதில் சொன்னேன். எனக்கு மூச்சு வாங்கியதால் இரண்டுதரம் சொல்ல வேண்டியிருந்தது.

நீர் மணந்தனீர்தானே என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே செத்திருப்பேன். அவர் கேட்டது வேறு.

"எத்தினை போத்தல்?"

இரண்டு என்றேன். எல்லாம் ஒரே மாதிரிப் போத்தல், எந்த இரண்டு என்று பார்த்துச் சொல்ல முடியாது என்றேன்.

அண்ணை எழும்பினார். வேறு எவனும் செய்வதுபோல நானாவைத் தனியே கூப்பிட்டு, ஒரு சாட்டுச் சொல்லி, கூடையை மெல்லக் கிளப்பியிருக்கலாம். நான் என்றால் பாணி புளித்துவிட்டது என்றிருப்பேன். அவர் நின்ற இடத்திலேயே நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"நானா, அந்தப் பாணியைத் தொட வேண்டாம். அதில ரெண்டு போத்தல் சாராயப் போத்தல்."

மாப்பிள்ளையின் வாப்பா நானாவைப் பார்த்தார். நானாவின் முகம் கறுத்தது. கோபம் இல்லை, அதைவிட மோசம், விளங்காமல் தடுமாறினார்.

"நீங்கதானே காய்ச்சி, நீங்கதானே போத்தல்ல விட்டது. உங்களுக்கு மணத்துல தெரியல்லயா?"

"எனக்கு மணம் தெரியாது நானா. காய்ச்சலோட போட்டுது."

உள்வாசல் சீலை விலகியது. ராத்தா வந்து படியில் நின்றார். அந்த ஆண்கள் கூட்டத்துக்கு முன்னால் அவர் வருகிறவர் அல்ல.

"எந்தக் காய்ச்சலோட?"

"ஓம் ராத்தா. அந்தக் காய்ச்சல்தான்."

ராத்தா முக்காட்டு நுனியைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார், திரும்பச் சுற்றினார். நெய்ச்சோறு அபாரம் என்று கண் மூடிச் சொன்ன பதினொரு வருசமும் அவர் தலைக்குள் ஓடியிருக்கும். நான் எதிர்பார்த்தது அழுகை, அல்லது ஏச்சு. அவர் கேட்டது இதுதான்.

"மணம் தெரியாத ஆள், எங்கட வூட்டுச் சட்டிய எப்பிடி நம்பித் திண்டீங்க? அதுல எறச்சிச் சாறு பட்டிருந்தாலும் உங்களுக்குத் தெரியாதே."

அண்ணைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை, முகத்தில் தெரிந்தது.

"நீங்கள் சொன்னனீங்கள்தானே, ராத்தா."

ராத்தாவுக்குச் சொன்னது, என் நடு நெஞ்சில் வந்து நின்றது. நானும்தானே சொன்னேன். ஓம் என்று.

எனக்கு அங்கே பேச உரிமை இல்லை. இருந்தாலும் பேசினேன். போத்தலை மணந்து பார்ப்பது என் வேலை, நான் பார்க்கவில்லை, பார்த்தேன் என்று அவருக்குப் பொய் சொன்னேன், அவர் அதை நம்பினார், பிழை முழுவதும் என்னுடையது என்றேன். அண்ணை என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, சின்னப் பெடியன், சோதினை நேரம் என்று எனக்காக ஏதோ முணுமுணுத்தார். சோதினை முடிந்து இரண்டு மாதம்.

நானா கூடையைத் தூக்கி வந்து நடுப்பாயில் வைத்தார். ஆறு போத்தலையும் வரிசையாக நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"இப்ப மணந்து பாருங்க, மகன்."

அத்தனை பேருக்கு முன்னால் முழங்காலில் இருந்து ஒவ்வொரு தக்கையாய்க் கழற்றி மணந்தேன். ரோசா. ரோசா. மூன்றாவது தக்கை மூக்கை அறைந்தது. நாலாவது ரோசா. ஐந்தாவது திரும்பவும் அந்த நாற்றம். ஆறாவதை மணந்துவிட்டுத் திரும்ப முதலாவதிலிருந்து தொடங்கினேன். திறந்திருந்தது நல்ல போத்தல்தான். கடற்பாசித் தட்டையும் குனிந்து மணந்தேன், தலைமயிர் அதில் தோயாத குறை. யாரும் சிரிக்கவில்லை. இரண்டு போத்தலை ஒதுக்கி வைத்து, மற்ற நாலும் சுத்தம், கடற்பாசியும் சுத்தம் என்றேன்.

நானா அந்த இரண்டையும் தானே எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கக் கானில் ஊற்றி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். எங்களில் ஒருவனுடைய ஒரு மாதச் சீனி அப்படிப் போனது. அவர் வந்து இருக்கவும் பள்ளிவாசலில் பாங்கு சொல்லவும் சரியாக இருந்தது.

எல்லோரும் பேரீச்சம்பழம் எடுத்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். நான் கதவோரம் நின்றேன். பாணியில் இனி யார் கை வைப்பார்கள், கூடையோடு திரும்பிப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து ராத்தா ஒரு பெரிய சட்டியில் பாலும் கசகசாவும் அனுப்பினார். நானா நல்ல போத்தல் ஒன்றைத் திறந்து அதில் விட்டுக் கலக்கினார். பால் மெல்லச் சிவந்தது. முதல் கிளாசைத் தன் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"மகன், இது சரிதானே?"

"சரி."

மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பார் என்று நினைத்தேன். கொண்டுபோகவில்லை. ஒரே மூச்சில் குடித்து வைத்தார். மாப்பிள்ளையின் வாப்பா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு தானும் ஒரு கிளாசை எடுத்தார். மூலையில் இருந்த ஒரு வயதாளி மட்டும் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார். அதுவும் நியாயம்தான்.

கலியாணம் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் என்னைத் திட்டுவீர்கள்.

அன்றைக்கு அண்ணைக்குச் சுண்ணாம்புப் பொட்டுச் சட்டியிலிருந்து சோறு வந்தது. எனக்கும் அதிலிருந்துதான் போட்டார்கள். ராத்தாவே கொண்டுவந்து வைத்தார். மணம் எப்படி என்று கேட்கவில்லை. சோற்றை வைக்கும்போது நெய் மணக்குது, கறுவாவும் கிடக்கு என்றார். பருப்பை விடும்போது வெள்ளைப்பூடு, கொஞ்சம் தூக்கல் என்றார். அப்பளத்தை வைக்கும்போது ஓரம் கருகின மணம் என்று சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு அண்ணை அங்கே சாப்பிடப் போன ஒவ்வொரு தரமும் அப்படித்தான். ஒன்றொன்றாக மணத்தைச் சொல்லிச் சொல்லி வைப்பார். இவர் கண்ணை மூடவில்லை, அபாரம் என்று சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்.

திரும்பி வரும்போது ரயிலில் அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மாப்பிள்ளையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார். நல்ல பெடியன்போல என்றார். வெள்ளவத்தையில் இறங்கும்போது, விவாதம் வென்றதைச் சொல்லவேயில்லையே, செல்லத்துரை சொல்லித்தான் தெரியும் என்றார்.

இப்போது யுத்தம் முடிந்துவிட்டது. அண்ணைக்கு அனுராதபுரத்துக்கு மாற்றம் வந்து, சம்மரியும் கலைந்து, நான் ஒரு கந்தோரில் மேசை போட்டு இருக்கிறேன். ஆட்கள் நான் சொல்வதை நம்புகிறார்கள். நம்பும்படி சொல்ல எனக்கு முன்பும் தெரியும். இப்போது சொல்ல முன்னம் ஒருதரம் மணந்து பார்க்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒன்றுக்காக அவருக்கு நான் நன்றி சொன்னதில்லை. நேரே சொன்னால் எதற்கென்று விளங்காமல் முழிப்பார். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

மாற்றம் வர முன்னம் இன்னும் ஒரு நோன்பு வந்தது. அந்த முறையும் பூ வந்தது, இதழ் ஊறியது, தேசிக்காய் பிழிந்து சிவப்பை எங்களுக்குக் காட்டினார். இந்தத்தரம் போத்தல் மணக்கும் வேலை செல்லத்துரைக்குத்தான் போகும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். செத்த மூக்கு என்றாலும் பொய் சொல்லாத மூக்கு. வெள்ளிக்கிழமை பின்னேரம் அண்ணை ஆறு போத்தலையும் ஆறு தக்கையையும் கொண்டுவந்து என் படிப்பு மேசையில், புத்தகத்தைத் தள்ளிவிட்டு வைத்தார்.

"பாத்துச் சொல்லும், தம்பி."

சொல்லிவிட்டுத் துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் கதவைச் சாத்தினேன். ஒவ்வொரு போத்தலையும் மூன்றுதரம் மணந்தேன். தக்கைகளை இரண்டாகப் பிளக்க முடிந்தால் பிளந்தும் மணந்திருப்பேன். தலை துவட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்று, சரியோ என்று கேட்டார்.

சரி என்றேன்.

அவர் புனலை எடுத்து முதல் போத்தலில் வைத்துப் பாணியை விடத் தொடங்கினார்.